தொண்டையில் இல்லாத முள்

மீன் முள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். மத்தியானச் சோறு இறங்காமல் தொண்டையில் நின்றது. உம்மா வெறுஞ்சோற்றை உருட்டித் தந்தார். "மெல்லாம முழுங்கு மகள், முள்ளு போயிரும்." ஓதிய தண்ணீரும் குடித்தேன். பெருநாள் வந்து போயிற்று, முள் போகவில்லை. ஒவ்வொரு பிடியிலும் மூச்சடைத்துச் செத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கழலை (கழுத்துச் சுரப்பி வீக்கம்) இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அதோடு பயம் போயிருக்க வேண்டும். எனக்கோ கூடிற்று. படத்தில் தெரியாத நோயை யார் நம்புவார்கள்?

டொக்டர் ஒரு பெண். உம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எப்ப அடைக்குது?"

"அவர் வாற நேரம்." என் வாயா இதைச் சொன்னது!

"அடிக்கிறவரா?"

"ஒரு நாளும் கை வெச்சதில்ல டொக்டர். கதைக்கமாட்டார்."

உப்புக் கூடினால் என் கணவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவார். பிறகு கிழமைக்கணக்கில் பேச்சில்லை. அவர் வாய் திறந்தால் எனக்குப் பெயர் 'பைத்தியம்'. அவர் சாப்பிடாமல் நான் சாப்பிடுவதில்லை. பசியோடு காத்திருப்பேன். வாசலில் அவருடைய சைக்கிள் ஸ்டாண்ட் விழும் சத்தம் கேட்டதும் தொண்டை இறுகும். இத்தனைக்கும் அந்த வீடு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, எனக்குச் சீதனமாக வந்தது. என் சொந்த வீட்டில்தான் அப்படி ஒடுங்கிக் கிடந்தேன்.

"இதுவும் ஒரு நோய், வருத்தம்தான்," என்றார் டொக்டர். மனப்பதகளிப்பு (ஓயாத பயம் உடம்பில் நோயாக வருவது) என்று அதற்குப் பெயரும் சொன்னார். மருந்து கொஞ்சம்தான். கிழமைக்கொரு தரம் டொக்டர் முன்னால் இருந்து கதைப்பதுதான் வைத்தியம். முதலில் அழுகை மட்டுமே வந்தது. பிறகு வீட்டில் செய்ய ஒரு வேலை தந்தார்: பசித்தவுடன், யாருக்கும் காத்திராமல், சுடச்சுடச் சாப்பிட வேண்டும். இதென்ன பெரிய வேலை என்கிறீர்களா? முதல் நாள் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்ப மூடிவைத்தேன்.

ஒரு மத்தியானம் நான் பாதி சாப்பிட்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் விழும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

"நான் வர முந்தித் திண்டிட்டியா? பைத்தியம்!"

தொண்டை அடைத்தது. அல்லாஹ்வே, இந்த ஒரு பிடியை இறக்கு என்று மனதுக்குள் கேட்டேன். இறங்கியது.

"சட்டியில இரிக்கி. போட்டுத் தின்னுங்க."

அன்றைக்கே தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். எப்போதும்போல் நான் போய் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தார். "போய்க் கூட்டிட்டு வா மகள், ஊரு என்ன சொல்லும்?" என்று என் உம்மாவும் அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போகவில்லை; அவரும் திரும்பி வரவில்லை.

முழுச்சுகம் என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் கை சோற்றில் அப்படியே நின்றுவிடுகிறது. உங்களுக்கும் இப்படி அடைத்தால், "அடிச்சானா?" என்று கேட்பவர்களுக்காக உடம்பில் காயம் தேடாதீர்கள். எப்போது அடைக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

முன்பெல்லாம் மத்தியானம் என்றால் அவர் வரும் நேரம். இப்போது எனக்குப் பசிக்கும் நேரம்.