ஆரணித் தறிக்கூடங்களுக்கு நான் போட்ட மார்க்

அடுத்தவர் தன் தொழிலை எப்படி நடத்துகிறார் என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து அவருக்குத் தெரியாமல் மார்க் போடுவதும் ஒரு தொழில்தான். சம்பளம் உண்டு, பஸ் டிக்கெட் உண்டு, மரியாதை மட்டும் கிடையாது. கிளிப் அட்டையும் கேள்வித்தாளுமாக வெயிலில் அலைந்து, "அப்புறமா வாம்மா" என்ற பதிலோடு திரும்பி வந்த சகபாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையிலிருந்து ஒரு மேலாண்மைக் கல்லூரி ஆரணிப் பட்டுத் தொழிலை ஆராய வந்தது. ஒழுங்காக நிர்வாகம் செய்கிறவரின் தொழில்தான் வளர்கிறதா, இல்லை அதிர்ஷ்டக்காரரின் தொழிலா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். கேள்வி கேட்க இரண்டு பெண்களை எடுத்தார்கள். ஒருத்தி நான், சாந்தி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம், அப்பா அம்மாவுக்குக் கழனியில் கூலி வேலை, நான் செய்யாறு காலேஜில் எம்.காம். இன்னொருத்தி புவனா, ஆரணியிலேயே நெசவு வீட்டுப் பெண். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். மார்க் போடுகிறோம் என்பது முதலாளிக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிடுவார் என்பது முக்கியமான விதி. வேலை முடிந்ததும் எங்களில் ஒருவருக்குச் சென்னையில் நிரந்தர வேலை என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புவனா சிரித்தால்கூட எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

தொலைநோக்கு யாது?

பழகுவதற்காக முதல் வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். வீட்டுத் தறிகளுக்குப் பாவும் நூலும் கொடுத்துப் புடவையாக வாங்கி விற்கிற முதலாளி அவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஜரிகைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கேள்வித்தாளில் உள்ளபடியே, ஒரு எழுத்து பிசகாமல், "தங்கள் நிறுவனத்தின் நீண்டகால இலக்குகளும் தொலைநோக்கும் யாவை?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார், மறுபடி ஜரிகையை எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தப்பிவிட்டது போலிருக்கிறது, முதலிலிருந்து எண்ணினார்.

புவனா குறுக்கே புகுந்தாள். "அண்ணே, ஆவணி முகூர்த்தத்துக்கு எத்தனை பொடவ எறக்கணும்னு எந்த மாசத்துல முடிவு பண்ணுவீங்க?" அவ்வளவுதான். மனிதர் முக்கால் மணி நேரம் பேசினார். மாசியிலேயே நூல் பிடிப்பது, ஆடியில் யாருக்கு வேலை கொடுத்துத் தக்க வைப்பது, எந்த நெசவாளி எந்த டிசைனில் கெட்டி என்று எல்லாம் வந்தது. எனக்குக் கை வலிக்க எழுதும் வேலை, அவளுக்குக் காபி. கிளம்பும்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "இந்தப் பொண்ணாட்டம் கேளும்மா. நீ கேக்கறது டி.வி.ல நியூஸ் வாசிக்கற மாதிரி கீது."

வராதவர்கள் கணக்கு

அடுத்த வாரம் இருவரும் தனித்தனியாகப் போனோம். 'வேலைக்கு வராதவர்கள்' என்று ஒரு கேள்வி. அமாவாசையன்று தறியில் யாருமே உட்காருவதில்லை என்று நான் போன இடமெல்லாம் சொன்னார்கள். மாதம் தவறாமல் எல்லோரும் ஒரே நாளில் மட்டம் போட்டால் அது என்ன நிர்வாகம்? பார்த்த இடத்திலெல்லாம் ஐந்துக்கு ஒரு மார்க் என்று போட்டுத் தள்ளினேன். ரொம்பக் கறாரான ஆள் என்று பெயர் வாங்குவேன் என்ற நம்பிக்கை வேறு.

சனிக்கிழமை பேராசிரியர் வந்து எங்கள் ஃபாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கேள்விக்குப் புவனா தான் போன வீட்டுக்கெல்லாம் நாலு போட்டிருந்தாள். அமாவாசைக்கு முந்தின நாள் எந்தப் புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்தெடுக்க வேண்டும், அன்று எந்தத் தறிக்கு ரிப்பேர், யார் வீட்டுக்கு அடுத்த பாவு என்று முதலாளிகள் அந்த ஒரு நாளை வைத்துத்தான் மாதத்தையே ஓட்டுகிறார்கள் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். அது அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது, நான் எங்கே போய்ப் பார்ப்பது என்று வயிறு எரிந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "சாந்தி, நீங்க வராதவங்கள எண்ணியிருக்கீங்க. புவனா ஏன் வரலைன்னு கேட்டிருக்காங்க."

திரும்பப் போய்க் கேட்டது

இந்தத் தொழிலில் ஒருவர் ரொப்பிய ஃபாரத்தில் சிலவற்றை எடுத்துக்கொண்டு இன்னொருவர் அதே வீட்டுக்குப் போய், நிஜமாகவே வந்தார்களா, இதைத்தான் கேட்டார்களா என்று சரிபார்க்க வேண்டும். யாரும் விரும்பாத வேலை. புவனாவின் ஃபாரங்களை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு ஃபாரம், ஒன்றே ஒன்று, வீட்டில் உட்கார்ந்து ரொப்பியதாக அகப்பட்டால் போதும், சென்னை வேலை எனக்குத்தான். மூன்று நாள் அலைந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வீட்டில் அவள் போன நேரம், உட்கார்ந்த இடம், குடித்தது மோர் என்பது வரைக்கும் சொன்னார்கள்.

கடைசி வீட்டிலும் நான் விடவில்லை. அவள் எத்தனை கேள்வி கேட்டாள், எல்லாவற்றையும் கேட்டாளா, நடுவில் எதையாவது தாண்டினாளா என்று மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டேன். அந்த வீட்டு அம்மா, தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ வந்து எங்க தொழிலப் பத்திக் கேட்டாம்மா. நீ வந்து அவளப் பத்தியே கேட்டுகினு கீற."

சென்னையிலிருந்து போன்

ஆய்வு முடிந்து இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. எங்கள் ஊர் மளிகைக்கடைக்கு வரும் போனுக்காகத் தினமும் சாமான் வாங்குகிற சாக்கில் போய் நிற்பேன். ஒரு நாள் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் எடுத்தேன். வேலை எனக்கு என்றார் பேராசிரியர். அம்மாவிடம் சொல்ல வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், புதுச் செருப்பு வாங்க வேண்டும் என்று அந்த ஒரு நொடியில் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அடுத்த நொடி அவர் மிகவும் சாதாரணமாகச் சொன்னார்: "புவனா வரலைன்னுட்டாங்க. நீங்க எப்ப சேரலாம்?"

ஃபீல்டு என்றால்

சென்னையில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிற்று. பேராசிரியரின் கட்டுரைகள் வெளியூர்களுக்கெல்லாம் போய் வந்தன. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் நானும் இருப்பேன், தட்டச்சு செய்தவருக்கும் நூலகருக்கும் நடுவில். எனக்குப் பேராசிரியர் மேல் பொறாமை, மாணவர்கள் மேல் பொறாமை, குளிர்சாதனம் ஒழுங்காக ஓடுகிற பக்கத்து அறைக்காரர் மேலும் பொறாமை. பொறாமைப்படுவதில் மட்டும் நான் ஏற்றத்தாழ்வு பார்த்ததில்லை.

ஒரு மாணவன் என் ஃபாரங்களை வைத்துத் தலைமைப் பண்பு பற்றித் திரையில் படம் போட்டுப் பேசினான். அம்பு அம்பாகக் குறி போட்டு, ஆரணி முதலாளிகளுக்குத் திட்டமிடத் தெரியாது என்று முடித்தான். அவன் காட்டிய ஒரு மார்க்குகளெல்லாம் அந்த அமாவாசை வாரத்தில் நான் போட்டவை, பிறகு பேராசிரியர் திருத்தச் சொல்லியும் நான் திருத்தாமல் விட்டவை. எழுந்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. பதிலாக, முகூர்த்த சீசனை யோசித்தாயா தம்பி என்று ஏதோ கேட்டு வைத்தேன். அவன் மிகவும் பணிவாகக் கேட்டான்: "மேடம், நீங்க எப்பவாவது ஃபீல்டுக்குப் போயிருக்கீங்களா?"

பட்டியலில் ஒரு பெயர்

அதே கேள்விகளோடு மறுபடி ஆரணிக்குப் போய், யார் வளர்ந்தார்கள் என்று பார்ப்பது என்று முடிவாயிற்று. முதலிடம் வருகிற முதலாளியைச் சென்னைக்கு அழைத்து மாணவர்களுக்கு முன்னால் பேசவைப்பதாகப் பேராசிரியர் சொன்னார். புதிதாகத் தறி போட்டவர்களையும் சேர்த்த பட்டியலில் புவனாவின் பெயர் இருந்தது, உரிமையாளர் என்று. எனக்குப் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒளிப்பானேன், அந்த இடம் நன்றாக இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் ஆசையாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தறிகள், சுவரில் கரும்பலகை. எந்தத் தறியில் எந்தப் புடவை எத்தனை முழம் ஓடியிருக்கிறது என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. புவனா சற்றுப் பருத்திருந்தாள், அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டேன். உங்களைவிடத் திறமைசாலி உங்களிடம் வேலைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "அதுக்குத் தெரியறதுல கால்வாசிகூட எனக்குத் தெரியாது. அது சொல்றதக் கேட்டுகினு போறேன்" என்றாள்.

ஃபாரத்தை மூடிவிட்டு, எனக்கு வேண்டியதைக் கேட்டேன். சென்னை வேலையை ஏன் விட்டாய்? அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நாப்பது வூடு ஏறி எறங்கினோம். எவன் எங்க கோட்ட வுடறான், எவன் எப்படி எழுந்தான்னு அவங்களே வாயால சொன்னாங்க. அத்தக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியுமா? நீ ஃபாரம் ரொப்பினே, சாந்தி. நான் தறி போட்டேன்."

முதல் கேள்வி

ஆரணி பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போட்டேன். நாலு, ஐந்து, ஐந்து, நாலு. எங்கேயாவது மூன்று போட முடியுமா என்று இரண்டு தரம் மேலிருந்து கீழே வந்தேன். முடியவில்லை. இந்தத் தடவை அதற்குள் ஐம்பதுக்கும் மேல் ஃபாரம் முடித்திருந்தேன், இதற்குக் கிட்டே வருகிற ஒன்றுகூட இல்லை. அவள் மேடையில் நிற்பாள், நான் பக்கத்தில் மைக்கைச் சரிசெய்துகொண்டு நிற்பேன் என்று மனதில் ஓடியது. செய்யாறு போகிற பஸ் ஒன்று நிரம்பிக் கிளம்பிப் போயிற்று. அப்போதுதான் விதி ஞாபகம் வந்தது. ஃபாரத்தின் மேலே எழுதினேன்: 'மார்க் போடும் முறை இவருக்கு முன்பே தெரியும். ஆய்விலிருந்து நீக்கலாம்.' எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பேராசிரியர் படித்துவிட்டு, பழைய சிநேகிதி என்றும் பாராமல் நேர்மையாக நடந்துகொண்டதாக எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து புவனா போன் செய்தாள். வேறு யாரோ ஒரு முதலாளி முதலிடம் என்று பேப்பரில் பார்த்தாளாம், தனக்கு எத்தனை மார்க் என்று விளையாட்டாகக் கேட்டாள். நான் விதியைச் சொன்னேன், ஃபாரத்தை எடுத்துவிட்டதைச் சொன்னேன், வேறு வழியில்லை என்றேன். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரிடமோ கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, பழைய குரலிலேயே பேசினாள்: "எடுத்தது கரெக்ட்டுதான் சாந்தி, நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனா மொதல் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்திருப்பேன், மார்க் போட்டுப் பாத்துட்டு இல்ல."

எங்கள் ஆராய்ச்சியால் ஆரணியில் சந்தேகமில்லாமல் வளர்ந்த தறிக்கூடம் ஒன்றே ஒன்றுதான், எங்கள் அறிக்கையில் இல்லாததும் அதுதான்.