உப்புப் போட்ட பிட்ச்

உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். உப்பு விழுந்த மண்ணில் புல் முளைக்காது என்பதைக் காலில் செருப்பு ஏறுமுன்பே கண்டவன். அப்படிப்பட்டவன், ஒஸ்லோவில் ஒரு சித்திரை மாதம், எல்லிங்ஸ்ருட் காட்டோரப் புல்வெளியில் ஐஸை உருக்குகிறேன் என்று ஒரு மூட்டை உப்பைக் கொட்டினேன். இதைவிடப் பெரிய மடையர்கள் இருந்தால் முன்னுக்கு வரலாம். என் இடத்தை விட்டுத் தருகிறேன்.

அந்த நாளில் குடியிருப்புக் கட்டடங்களில் படி கூட்டுவது என் வேலை. குளிர்காலத்தில் வாசலுக்கு உப்புத் தூவுவதும் நான்தான். தூவிய இடமெல்லாம் உருகுவதைப் பார்த்துப் பார்த்து ஒரு விஞ்ஞானியின் கர்வம் எனக்குள் வளர்ந்திருந்தது. புல்வெளியின் பனியெல்லாம் போன பிறகும், ஊசியிலை மரங்களின் நிழல் விழும் நடுத்துண்டு மட்டும் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சனிக்கிழமை பொடியள் கிரிக்கெட் அடிக்க வருவார்கள். பொறுக்க முடியவில்லை.

ஐஸ் உருகியது. என்னைத் தலையில் தூக்கிவைக்காத குறை. ஆனி மாதம் பார்த்தால் சுற்றிவரப் பச்சை, நடுவில் மொட்டை. யாரோ மைதானத்துக்கு நேர் உச்சி எடுத்து வாரிவிட்டது போல.

"உன்னை ஆரடா உப்புப் போடச் சொன்னது? கறியே வைக்கிறாய்?" என்று கத்தியவன் எங்கள் சுழல்பந்துக்காரன். இடக்கையால் பந்து போடுவான், இரண்டு கையாலும் ஏசுவான்.

ஏசி முடித்துவிட்டு அதே மொட்டையில் ஒரு பந்து போட்டான். விழுந்த பந்து சாரைப்பாம்பாய்த் திரும்பி என் ஸ்டம்பைத் தட்டியது. அதன் பிறகு உப்பைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. அந்த மைதானத்தின் சரித்திரம் இவ்வளவுதான். கொமூன் என்கிற நகரசபையின் அதிகாரி வந்து நாடா வெட்டவில்லை. ஒரு முட்டாள் உப்புக் கொட்டினான், பிட்ச் பிறந்தது.

எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது: காட்டுக்குள் அடித்தால் அவுட். உலகம் முழுக்க ஆறு ஓட்டம் கொடுக்கும் அடிக்கு இஞ்சை தண்டனை. அடித்தவனே போய்ப் பந்தைத் தேடவும் வேண்டும். மற்றவர்கள் புல்லில் மல்லாந்து கிடந்து பகிடி விடுவார்கள். தேடப் போனவர்களில் முதலிடம் எனக்குத்தான். புளூபெரிச் செடிகளுக்குள் குனிந்து நிற்க, வெளியிலிருந்து குரல் வரும்: "என்ன ஐசே, அங்கை குடும்பம் நடத்துறியோ?" உள்ளே எல்லா மரமும் ஒரே மரம்தான். அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவேன்.

குடும்பம் நான் நடத்தவில்லை. மற்ற எல்லோரும் நடத்தினார்கள். ஒவ்வொருவனாகக் கலியாணம் கட்டினான். "இந்த சீசன் முடியட்டும், கட்டுவம்" என்று நான் இருந்தேன். சீசன் முடிந்துகொண்டேதான் இருந்தது. பிறகு அவர்களுக்குப் பிள்ளைகள் வந்தன, தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது, பெட்டையள் பெரிசாகிச் சாமத்தியவீடுகள் வந்தன, கடைசியில் முழங்கால் வலி வந்தது. சுழல்பந்துக்காரன் பியோர்ண்டாலில் வீடு வாங்கிக்கொண்டு போனான். ஒரே நகரத்துக்குள்தான். ஆனாலும் ஊர் விட்டுப் போனது போலத்தான் இருந்தது.

இந்தக் கடைசிக் கோடைகளில் மட்டையோடு போனது நான் ஒருவன். தனி ஆளாகக் கிரிக்கெட் ஆட முடியாது என்பதைச் செய்தே பார்த்திருக்கிறேன். பந்தைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிப்போய் அடிக்க நேரம் காணாது. கால் படாததால் மொட்டையின் இரண்டு ஓரத்திலிருந்தும் புல் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. உப்புக்கும் என்னை மறந்துபோயிற்று.

இந்த வைகாசியில் அங்கே ஒரு பலகை நட்டிருந்தார்கள். சிறுவர் விளையாட்டிடம் அமைக்க அடுத்த கிழமை மண் கிண்டப் போகிறார்களாம். சுழல்பந்துக்காரனுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், சனிக்கிழமை வா. ஒரேயொரு ஓவர் போடு. பிறகு அவங்கள் கிண்டட்டும்."

"சனிக்கிழமை பேரனுக்குப் பேச்சுப்போட்டி."

"ஞாயிறு?"

"ஞாயிறு கோயில். உனக்கென்ன, தனிக்கட்டை."

"ஒரு ஓவர்தான் மச்சான்."

"கை தோளுக்கு மேலை போகுதில்லை ஐசே. சாமியையே ஒரு கையாலைதான் கும்பிடுறன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய அவன் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை தனியாகப் போய் ஸ்டம்பை ஊன்றினேன். காட்டுப் பாதையில் ஓடிவந்த ஓர் இளைஞன் என்னைப் பார்த்து நின்றான். தமிழ்நாட்டுக்காரன், இஞ்சை கம்ப்யூட்டர் வேலை.

"அங்கிள், இது கிரவுண்டா? ஏதோ பைப் லைன் பொதைச்ச இடம்னு நெனச்சேன்."

"கிரவுண்ட்தான் தம்பி. நான் கட்டினது. கொஞ்சம் பந்து போடுறீரோ?"

பாவம், மறுக்கத் தெரியாத பிள்ளை. போட்டான். முதல் பந்துகளுக்கு என் மட்டை காற்றைத்தான் அடித்தது. பிறகு ஒன்று, எப்படியென்று எனக்கே தெரியாது, மட்டையின் நடுவில் பட்டு மரங்களுக்கு மேலாகப் பறந்தது.

"சிக்ஸ்! செம ஷாட் அங்கிள்!"

"இல்லைத் தம்பி. இஞ்சை அது அவுட்."

"அவுட்டா? யாரு போட்ட ரூல் இது?"

"நாங்கள்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். நாங்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. "வைஃப் வெயிட் பண்றாங்க, வரட்டுமா அங்கிள்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு ஓடினான்.

நான் காட்டுக்குள் போனேன். செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தேன். பந்து இல்லை. நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்: வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எந்தப் பக்கத்தால் வந்தேன் என்பதும் பிடிபடவில்லை. போனை எடுத்துச் சுழல்பந்துக்காரனுக்கு எழுதினேன்: "காட்டுக்கை அடிச்சிட்டன்."

பேச்சுப்போட்டி மண்டபத்தில் இருந்திருப்பான். இருந்தும் உடனே பதில் வந்தது.

"அவுட். போய்த் தேடு."