இரண்டு டப்பா ஆயில்

எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றுவதா, தண்ணி ஆயில் ஊற்றுவதா என்பதற்காக எங்கள் அப்பாவும் மாமாவும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே மிஞ்சிய இரும்புக் குழாய்களை ஒட்டி ஒட்டி, ஆறு மாதத்தில் ஒரு கார்ட் வண்டி செய்திருந்தார். கார்ட் என்றால் கூரையும் கதவும் இல்லாத குட்டைக் கார். ஏறி உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். கோடையில் அங்கே ஏரி வறண்டதும் பட்டறைக்காரப் பையன்கள் அதற்குள் இப்படிப்பட்ட வண்டிகளை வைத்துப் பந்தயம் விடுவார்கள். மாமாவின் வண்டியில் சக்கரம் இருந்தது, ஸ்டியரிங் இருந்தது. எஞ்சின்தான் இல்லை.

எஞ்சின் எங்களிடம் இருந்தது. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் தக்காளிக் காட்டுக்கு ஓடைத் தண்ணீரை இறைக்கிற பெட்ரோல் எஞ்சின். அது நின்றுபோனால் அந்தக் கோடையின் தக்காளி முழுவதும் காய்ந்துவிடும். வேறு ஒன்று வாங்க வழியில்லை. அம்மா சொல்லிச் சொல்லி, பந்தய நாளான ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை அது ஓடைக்கரையில் இருந்தாக வேண்டும்.

எஞ்சினைப் பொருத்த மாமா வண்டியோடு மலையேறி வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார். வந்த அன்றே ஆயில் பேச்சு வந்தது. கெட்டி ஆயில் ஊற்றினால் எஞ்சின் சேற்றில் நடப்பது போல் இழுத்து இழுத்து ஓடும், தண்ணி ஆயில்தான் வேகம் தரும் என்றார் மாமா. “கீழ அடிக்கிற வெயிலுக்கு உன்ர தண்ணி ஆயில் ரசமாப் போயிரும். உள்ள இரும்பும் இரும்பும் உரசி எஞ்சின் பிடிச்சுக்கும். அப்புறம் தக்காளிக்கு நீயா வந்து கொடத்துல ஊத்துவ?” என்றார் அப்பா. அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் சாப்பாடு நிற்கவில்லை. “கண்ணு, உங்க மாமனுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு” என்பார் அப்பா. மாமா அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். “போதும்னு சொல்லு சாமி” என்பார் மாமா. நான் இரண்டையும் ஒரு எழுத்து குறையாமல் சொல்வேன்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் வைத்து எஞ்சினை வண்டியில் பொருத்தி முடுக்கினார் மாமா. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். பழைய ஆயிலைச் சூட்டோடு வடித்தால்தான் அடியில் தங்கிய அழுக்கும் சேர்ந்து வரும் என்று எனக்குச் சொன்னார். அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாக ஒழுகியது. மாட்டுக் கொட்டாய்க் கம்பத்தில் கரையான் ஏறாமல் இருக்கப் பூசலாம் என்று அம்மா அதை எடுத்துக்கொண்டுபோனார். மாமா போல்ட்டை இறுக்கிவிட்டு, அரை லிட்டர் தண்ணி ஆயில் டப்பாவை என் கையில் கொடுத்தார். “ஊத்தி மூடி வெய்யி கண்ணு. நான் லாரிக்காரர்கிட்டக் காலையில வரச் சொல்லீட்டு வாரேன். உங்கொப்பன் கேட்டா எதும் சொல்லிப்போடாத.”

அவர் தலை மறைந்ததும் அப்பா மிளகுக் கொடிப் பக்கமிருந்து வந்தார். அவர் கையிலும் ஒரு அரை லிட்டர் டப்பா. கெட்டி ஆயில். “மாமன் வர்றதுக்குள்ள இத ஊத்திப்போடு சாமி. நாங் குடுத்தேன்னு சொல்லாத.” சொல்லிவிட்டு அப்பாவும் போய்விட்டார்.

எங்கள் ஊர் நோம்பித் திருவிழாவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒன்றைத் தள்ளினால் அந்த வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். எனக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். இரண்டு டப்பாவையும் ஊற்றினேன். எஞ்சின் அரை லிட்டர்தான் பிடிக்கும். சமதரையாக இருந்திருந்தால் மிச்சம் ஆயில் ஊற்றும் வாய் வழியாக வழிந்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் வாசலோ மலைச்சரிவு. எஞ்சினின் வாய் மேட்டுப் பக்கம் இருந்தது. அது சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, ஊற்றியாயிற்றா என்று கேட்டார்கள். இரண்டு பேரிடமும் உண்மையைத்தான் சொன்னேன்.

மறுநாள் ஏரிக்குள் ஆறு வண்டிகள் நின்றன. அப்பாவும் வந்திருந்தார், பந்தயம் பார்க்க அல்ல, எஞ்சினைப் பார்க்க. முதல் சுற்றில் மாமா இரண்டாவதாக வந்தார். நான் கத்திக் குதித்தேன். இரண்டாவது சுற்றில் வண்டிக்குப் பின்னால் வெள்ளையாகப் புகை கிளம்பியது. மூன்றாவது சுற்றில் மாமா கண்ணுக்கே தெரியவில்லை, புகைதான் ஓடி வந்தது. கரையில் நின்ற ஒருவர் நிதானமாகக் கேட்டார்: “ஏனுங்க, மலையில கொசு அதிகமுங்களா? வண்டியிலயே மருந்தடிச்சுக்கிட்டு வாராரு.” ஏரியே சிரித்தது. வண்டி இருமி இருமி நடுவில் நின்றது.

அப்பா ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “மாப்ள, கைய வெச்சிராத, சுடும்” என்றார். ஒரு வாரத்தில் மாமாவிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. இரண்டு பேரும் மண்டியிட்டு அடிப் போல்ட்டைக் கழற்றினார்கள். ஆயில் வந்தது. பிடித்த டப்பா நிறைந்தது. இன்னும் வந்தது. இன்னொரு டப்பா வைத்தார்கள், அதுவும் நிறைந்தது.

அப்பா ஒரு சொட்டை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மாமாவும் எடுத்துத் தேய்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“வாசல் சரிவுங்க மச்சான். அளவு தப்பிப்போச்சு” என்றார் மாமா, தலையைக் குனிந்துகொண்டு.

“ஆமாமா. சரிவுதான்” என்றார் அப்பா. “எஞ்சினுக்கு ஒன்னுமில்ல மாப்ள. பிளக்கத் தொடச்சாப் போதும்.”

திரும்பும்போது லாரியில் நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் தண்ணி ஆயிலே ஊற்றலாம் என்றார் அப்பா. இல்லீங்க மச்சான், கெட்டிதான் எஞ்சினுக்கு நல்லது என்றார் மாமா. கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை விட்டுக்கொடுக்காமல் இப்படியே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் மாட்டிக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்தவர்கள், எஞ்சினுக்குள் இருந்து இரண்டு டப்பா வந்ததைப் பார்த்த பிறகும், ஏன் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது மட்டும் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.