பதினோராம் கல்லில் வாய் திறந்தேன்

கோலாலம்பூரின் செந்தூல் சாரணர் குழுவில் பதினெட்டுப் பேர் என் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். அதனால் இந்தப் பயணம். சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரல் விடுமுறை. வெண்கயிற்றுக் குழுவின் தேசியக் கூடல் சிங்கப்பூரின் ஜூரோங்கில் என்று கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெண்கயிறு தெரியாதவர்களுக்குச் சில வரிகள். சாரணர்களுக்குள் அது ஒரு சிறு மரியாதைக் குழு. சட்டையின் இடத்தோளில் ஒரு வெள்ளைக் கயிறு, அவ்வளவுதான் அடையாளம். நாமாகக் கேட்டுச் சேர முடியாது. உள்ளே இருப்பவர்களும் நம்மை இழுத்துக்கொள்ள முடியாது. கயிறு இல்லாதவர்கள் கூடி ஒருவனைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். செந்தூலிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. நான்தான் முதல். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் ஸ்டேஷனுக்கே வந்து வழியனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த எந்த மதிப்பெண்ணும் அப்படி வழியனுப்பப்பட்டதில்லை.

கயிறு வாங்க ஒரு சோதனை உண்டு. சனிக்கிழமை சூரியன் எழுந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சூரியன் எழும்வரை ஒரு சொல் பேசக் கூடாது. எழுதியும் காட்டக் கூடாது. எங்கிருந்தாலும். கண்காணிக்க யாரும் இல்லை. பேசிவிட்டால் நாமே போய்ச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கயிறு கிடையாது.

மற்ற ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வெள்ளிக்கிழமையே முகாமுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை மாலைவரை பரீட்சை. ஆகவே என் மௌனம் ரயிலில் தொடங்க வேண்டியதாயிற்று.

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய இருநூற்று நாற்பது மைல். இரவு ரயில், மூன்றாம் வகுப்பு. மர இருக்கை. ஜொகூர் பாலத்தைக் கடக்கும்போது நீர் சாம்பல் நிறத்திலிருந்து செம்பு நிறமானது. எதிரில் இருந்த பெரியவர் வாழைப்பழம் நீட்டினார். "வேண்டாம் ஐயா, நன்றி" என்றேன். மணி ஆறு நாற்பது. அதுதான் என் கடைசிச் சொல் என்று முடிவு செய்துகொண்டேன். நல்ல சொல்லாக அமைந்ததில் ஒரு திருப்தி.

தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் இறங்கியபோது ஏழு முப்பத்தைந்து. வெளியே மூன்று சக்கர மிதிவண்டியோடு திரிஷாக்காரர் ஒருவர், சீனர், கடித வரைபடத்தில் நான் தொட்ட தேக்காவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார், ஒரு வெள்ளி. நான் தலையை ஆட்டி, ஒரு விரலை மடக்கிப் பாதியாகக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு எட்டு விரல் காட்டினார். எண்பது காசு. உலகத்தில் பாதிப் பேச்சு தேவையே இல்லை என்று அப்போது நினைத்தேன். இளமைக்கு வரும் எண்ணம்.

தேக்கா, சிங்கப்பூரில் தமிழர்கள் கூடும் பேட்டை. சந்தையின் மீன் ஈரம், மாட்டுச் சாணம், மல்லிகை, அரைபடும் மிளகாய். எல்லாம் ஒரே மூச்சில். சிராங்கூன் சாலையில் ஒரு சைவக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். பரிமாறுபவர் வந்து நின்றார்.

"என்ன தம்பி, இட்லியா, தோசையா?"

பக்கத்து இலையைக் காட்டினேன்.

"அது இடியாப்பம். ஒண்ணு போதுமா? சட்னியா, பாலா?"

கையால் ஏதோ செய்தேன். அவர் என் வாயைப் பார்த்தார். சாரணர் சட்டையைப் பார்த்தார். குரல் திடீரென்று மென்மையானது. கேட்காமலே ஒரு வடை வந்தது. பிறகு இன்னொரு வடை. நான் முகாம் கடிதத்தை எடுத்து அதிலிருந்த வரைபடத்தைக் காட்டினேன். எழுதத்தான் தடை, காட்டத் தடை இல்லை. நாள் முழுக்க இப்படி விதிக்கு ஓரமாகவே நடந்தேன்.

அவர் தெருவைப் பார்த்துக் கத்தினார். "வேலு! ஜூரோங் போறியாலா? இந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போ. பாவம், பேச்சு வராது."

மறுத்துத் தலையாட்டினேன். ஏறமாட்டேன் என்பதாக அவர் எடுத்துக்கொண்டார். "பயப்படாத தம்பி, நம்ம ஆளுதான்."

வேலு என்கிற வேலாயுதத்துக்கு முப்பது வயது இருக்கும். ஜூரோங்கில் குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்புகிறார்கள். அங்கே வேலை செய்பவர்களின் சாப்பாட்டுக் கடைக்கு இவர் லாரியில் அரிசியும் தேங்காயும் கொண்டு போகிறார். என்னிடம் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு விரலால் உதட்டைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டாயா என்று. எனக்குப் புரிந்தது. ஆம் என்று தலையசைத்தேன். அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியவில்லை.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். புக்கிட் தீமா சாலை நீளம். வலப்பக்கம் கால்வாய். வேலாயுதம் ஒரு கையால் ஓட்டி மறு கையால் பேசினார். போலீஸ்காரர் என்றால் தலையில் தொப்பி வைப்பதுபோல. மழை என்றால் விரல்களை உதிர்ப்பது. முதலாளி என்றால் வயிற்றைத் தடவிக் காட்டுவது. நான் வாய் திறக்காமல் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு வாயாலும் பேசத் தொடங்கினார்.

"ஒனக்குக் காது கேக்குது, அதுவரைக்கும் நல்லது. என் தம்பி சேகருக்கு அதுவும் இல்ல. மூணு வயசுல காய்ச்சல். இப்ப பதினேழு. மிளகாய் மில்லுல வேல. முதலாளி சொல்றான், என் மில்லு சத்தம் தொந்தரவு பண்ணாத ஒரே ஆளு அவன்தானாம்."

எட்டாம் கல் தாண்டி இடப்பக்கம் திரும்பினோம். ஜூரோங் சாலை. புக்கிட் பாத்தோக் பக்கம் கல் உடைக்கும் குன்றிலிருந்து வெள்ளைத் தூசி. பிறகு ரப்பர், கோழிப் பண்ணை, மறுபடி ரப்பர். பிறகு செம்மண்.

நான் நிம்மதியாக இருந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும். ஓர் அந்நியரின் கனிவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. அது எனக்கானது அல்ல என்று தெரிந்தே.

"போன வருஷம் சேகரக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போனேன்" என்றார். "ஸ்கவுட்லதான் சேக்கணும்னு. ரோட்டுல நீங்கள்லாம் அணிவகுத்துப் போறப்ப இவன் கூடவே நடப்பான், ஓரமா, அதே கால் மாத்தி. தாளமே கேக்காது, ஆனா கால் தப்பாது. போனா, அங்க இருந்தவரு சொல்றாரு, உறுதிமொழிய வாயால சொல்லணும்பா, இவன் எப்படிச் சொல்வான்னு. திரும்பி வந்துட்டோம்."

நான் சாலையைப் பார்த்தேன்.

"இன்னிக்கு ஒன்னப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒன்னச் சேத்திருக்காங்களே! அப்ப இவனையும் சேப்பாங்க. நாளைக்கே இவன இழுத்துக்கிட்டுப் போயி, இந்தா பாருங்கன்னு கேக்கப்போறேன்." லாரியின் வேகம் குறைந்தது. என் பக்கம் திரும்பினார். "நீ எப்படிச் சொன்ன? கையாலயா? எனக்கு அந்த உறுதிமொழியச் செஞ்சு காட்டு தம்பி. நான் அவனுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

ஆம் என்று தலையசைத்தால் பொய். இல்லை என்று தலையாட்டினால் பாதி உண்மை. சும்மா இருந்தால் நாளை அவர் சேகரைக் கூட்டிக்கொண்டு, இல்லாத ஒருவனைச் சாட்சிக்கு அழைத்தபடி, இன்னொரு வாசலில் நிற்பார். பதினெட்டுச் சீட்டுகள் நினைவுக்கு வந்தன. ஸ்டேஷனில் கை காட்டியவர்கள். ஒரு மைல்கல் கடந்தது. பதினொன்று.

"அண்ணே, நான் ஊமை இல்ல."

லாரி நின்றது. பின்னால் தேங்காய்கள் உருண்டு மோதின. அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு, மௌனம், சூரிய உதயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மணி நேரம் பேசாத தொண்டை. குரல் கரகரத்தது.

"நேத்திக்கடன் மாதிரியா?"

"ஒரு மாதிரி அப்படித்தான் அண்ணே."

"தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கிட்டு பெருமாள் கோயில்லேருந்து நடக்கறாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாங்க. ஆனா அலகு தெரியும்லா. பாக்கறவனுக்குத் தெரியும், இவன் வேண்டிக்கிட்டிருக்கான்னு. நீ என்னத்தக் குத்தியிருந்த? நான் காலையிலேருந்து கோமாளி மாதிரி கையாட்டிக்கிட்டு வர்றேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கியரைப் போட்டார். அடுத்த மூன்று மைலும் பேசாமல் வந்தது அவர்தான்.

பதினான்காம் கல்லில் இறங்கும்போது சொன்னேன். "சேகரைப் பத்தி உள்ள கேக்கறேன். சேத்துக்குவாங்கன்னு சொல்லல. கேக்கறேன்னு சொல்றேன்."

"டன்லப் தெரு. மில்லுக்கு மேல மாடி" என்றார்.

மணி பத்தே கால். ரப்பர் மரங்களுக்கிடையே கூடாரங்கள். பதிவு மேசைமுன் என்னைப்போல் தாமதமாக வந்த சிலர் வரிசையாக, வாய் மூடி நின்றார்கள். என் முறை வந்தது. நான் பேசினேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

முகாம் தலைவர் ஒரு சீனத் தலைமையாசிரியர். கட்டையான மனிதர், அரைக்கால் சட்டை. முழுக்கக் கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"நீ செய்தது சரி என்று நினைக்கிறாயா?"

"முதலிலேயே செய்திருக்க வேண்டும். கடையிலேயே."

"ஆமாம்" என்றார். என் பெயரை வாசித்து, அதன்மேல் ஒரு கோடு போட்டார். "விதி விதிதான். உன் குழு மறுபடி தேர்ந்தெடுத்தால் அடுத்த ஆண்டு வா. இப்போது சமையல் கூடாரத்தில் ஆள் குறைகிறது."

போகாமல் நின்றேன். சேகரைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நாங்கள் வாய் பேசாத ஒருவரையும் சேர்த்ததில்லை. கேட்டால், யாரும் வரவில்லை என்று சொல்லியிருப்பேன்." சற்று யோசித்தார். "உறுதிமொழி எதிரில் இருப்பவனுக்குப் புரிய வேண்டும். அவன் கையால் சொல்லட்டும். எனக்குப் புரியும்படி அண்ணன் எடுத்துச் சொல்லட்டும். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் பள்ளிக்கூடத்துக்கு."

"சேர்த்துக்கொள்வீர்களா?"

"வரச் சொன்னேன். முதலில் வரட்டும்."

அட்டையில் முகவரி எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை முழுவதும் பானை கழுவினேன். எனக்கு இனி மௌனம் இல்லை. ஆனால் கூடாரத்தில் மற்ற எல்லோருக்கும் இருந்தது. ஜொகூர்க்காரன் ஒருவன் வெந்நீர்ப் பானையைப் பிடிக்கச் சாக்கை எடுத்து நீட்டினான். மலாக்காக்காரன் தன் தட்டிலிருந்த பாதி மீனை என் தட்டில் வைத்தான். என் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அந்த ஒரு நாளின் கருணைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை, சூரியன் எழுந்ததும், அவர்கள் தோள்களில் கயிறு கட்டினார்கள். நான் பின்வரிசையில் நின்று கைதட்டினேன். பொறாமையாக இருந்தது. கொஞ்சம் அல்ல, நிறைய.

மதியம் பஸ் பிடித்துத் தேக்கா வந்தேன். டன்லப் தெரு மாடிப்படி முழுக்க மிளகாய் நெடி. தும்மிக்கொண்டே ஏறினேன். வேலாயுதம் கதவில் நின்றார். என் தோளைப் பார்த்தார்.

"கயிறு?"

"இல்லண்ணே."

"என்னாலயா?"

"இல்ல. நான் தொறந்த வாய்."

அட்டையைக் கொடுத்து, தலைவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். திங்கள், ஐந்து மணி, முதலில் வரட்டும். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, கைகளால் வேகமாகப் பேசினார். உயரமான, ஒல்லியான ஒருவன் எழுந்து வந்தான். சேகர். என்னை ஏற இறங்கப் பார்த்தான். உதட்டின்மேல் விரலை வைத்து, பிறகு கையைக் கோழி அலகுபோல் படபடவென்று திறந்து மூடினான்.

வேலாயுதம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒனக்குப் பேரு வெச்சுட்டான்லா! பொய் ஊமை. இனிமே இந்த வீட்டுல ஒனக்கு அதான் பேரு. உக்காரு, தே தண்ணி குடிச்சிட்டுப் போ."

அன்று மாலை ஏழுவரை அந்த மாடியில் இருந்தேன். உறுதிமொழியை வரிவரியாகச் சொன்னேன். வேலாயுதம் கையால் சொன்னார். சேகர் சில இடங்களை மறுத்து, தன் சொந்தக் கையசைவைப் போட்டான். 'கடமை' என்பதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சைகை இருந்தது: வேலைக்குச் சோற்றுத் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக் கிளம்புவது. அதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமையே போய்ச் சேருங்கள். ஸ்டேஷனிலிருந்து தேக்கா இரண்டரை மைல். திரிஷாவுக்கு எண்பது காசுக்குமேல் வேண்டாம். ஜூரோங் பஸ் அரை மணிக்கு ஒன்று என்பார்கள். முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் கல்லுக்குப் பிறகு கடை இல்லை. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

மௌனம் இருப்பவர்கள் இருங்கள். அது நல்லது, எனக்கும் மூன்று மணி நேரம் நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் ஏதாவது ஓர் அடையாளத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள், பார்ப்பவருக்குத் தெரியும்படி. குத்த மறந்து, யாராவது உங்களுக்காக இரக்கப்பட்டால், அங்கேயே வாயைத் திறங்கள்.

செந்தூலுக்குத் திரும்பி, அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பின்னாலிருந்து ஒருவன், பார்த்திபன் என்று நினைக்கிறேன், எழுந்தான். "அண்ணே, அடுத்த வருஷமும் ஒங்களையே அனுப்பறதான்னு நான் யோசிக்கணும். இப்ப ஓட்டுப் போட மாட்டேன்."

சரி என்றேன். யோசித்துப் போடும் சீட்டுதான் எனக்கும் வேண்டும். நேற்று சிங்கப்பூரிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கடிதம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத் திடல். ஒல்லியான ஒருவன், அளவு பெரிய சட்டையில், வலக்கையில் காலிச் சோற்றுத் தூக்கு ஒன்றைப் பிடித்தபடி. எதிரில் அரைக்கால் சட்டை போட்ட கட்டையான மனிதர், அதேபோல் வெறும் கையை உயர்த்தி, 'கடமை'யைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.