வேர்க்கடலைக் கட்சியும் புளியங்கொட்டைக் கட்சியும்

பாகாலா ஜங்ஷனில் திருப்பதி வண்டிக்காகக் காத்திருந்தேன். கக்கத்தில் அன்றைய பேப்பர். அமெரிக்கத் தேர்தல் முடிவு அதில் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் கன்னியப்பன் சாருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும், கூடவே வேறொன்றும் சொல்ல வேண்டும் என்று, மாற்றலாகிப் போயிருந்த சித்தூரிலிருந்து கிளம்பியிருந்தேன். திருப்பதியிலிருந்து வந்த வண்டியில் எங்கள் பழைய மாணவன் ஒருவன் இறங்கினான். என்னைப் பார்த்ததும் தெலுங்கில் சொன்னான்: "சார், கன்னியப்பன் சாரு போயினாரு." விடிந்தபோதே போய்விட்டாராம். பேப்பரை என்ன செய்வதென்று தெரியாமல் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இதை எழுதும்போதும் பத்து வரிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறேன்.

நகரிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அவர் சரித்திரம், நான் கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே ஊர். சென்னையிலிருந்து அமெரிக்கர்கள் இலவசமாக அனுப்பும் பத்திரிகை பள்ளிக்கு வரும். பிள்ளைகள் படத்தைக் கிழித்துக்கொள்வார்கள், அவர் மிச்சத்தைப் படிப்பார். அந்த நாட்டுச் சட்டசபையில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். ஆசிரியர் அறை மேசையில் கடை விரித்துவிடுவார். அப்போது பிரசிடென்டாக இருந்தவரின் கட்சி வேர்க்கடலை, எதிர்க்கட்சி புளியங்கொட்டை.

"கீழ்சபை மொத்தமும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கலைஞ்சி புதுசா வரும், கணக்கு சார்" என்று எல்லாவற்றையும் வாரி மறுபடி பரப்புவார். மேல்சபையை மூன்று கூறாகப் பிரிப்பார். ஒரு தேர்தலுக்கு ஒரு கூறுதான் போட்டிக்கு வரும், மற்ற இரண்டும் அசையாது. ஆனால் இரண்டு கட்சியும் சமமாக இருக்கும்போது அந்த ஒரு கூறில் ஓரிரண்டு மாறினால் போதும், கமிட்டித் தலைமை முதற்கொண்டு எல்லாம் கை மாறிவிடும். "ஒரு கொட்டை பொரண்டா நாற்காலியெல்லாம் பொரளும்" என்பார். தோற்ற வேர்க்கடலைகளை அவரே தின்றுவிடுவார். எனக்கு ஒன்று கூடத் தந்ததில்லை.

ஐம்பத்து நாலு நவம்பரில் அந்தப் பிரசிடென்டின் கட்சி இரண்டு சபைகளையும் இழந்தது. அதே மாதம் நம் ஆந்திர மந்திரிசபை ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அந்த வாரம் முழுவதும் மனுஷன் வராந்தாவில் நிலைகொள்ளாமல் உலாத்தினார். "பாத்தீங்களா, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விரலைக் காட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வகுப்புக்குப் போங்கள் என்றேன்.

பிறகு எல்லை விவகாரம் வந்தது. எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேருமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்பது எங்களுக்குப் பேச்சுக்கு மட்டும் உள்ள விஷயமில்லை. பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கும், பட்டா எந்த எழுத்தில் வரும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கன்னியப்பன் சார், ஊரைச் சென்னையோடு சேர்க்கக் கேட்கும் தமிழ் மனுவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அதே நாட்களில் ஊரில், ஆந்திராவிலேயே விடச் சொல்லும் தெலுங்கு மனு ஒன்றும் சுற்றியது.

ஒரு சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஆள் சேரும்வரை பேச்சுக் கொடுக்க அவருக்குத் தெரிந்தது அமெரிக்காதான். அந்த ஜனங்கள் அப்போதுதான் அதே பிரசிடென்டை மறுபடி ஜெயிக்க வைத்து, அதே நாளில் இரண்டு சபைகளையும் எதிர்க்கட்சியிடமே விட்டிருந்தார்கள். அதைச் சொன்னதும் முனிரத்தினம் என்ற விவசாயி சிரித்தான்.

"இன்னா வாத்தியாரே, அங்கயும் நம்ம ஊரு கதைதானா? எங்க வூட்ல அண்ணன் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. எவன் ஜெயிச்சாலும் தாசில்தாராண்ட போயி நிக்க ஒரு ஆளு வோணுமில்ல?"

"அது வேற, இது வேற முனிரத்தினம். தப்பாப் பூட்டா அவங்கோ ரெண்டு வருஷத்துல மாத்திக்குவாங்கோ. இங்க கோடு கிழிச்சா கிழிச்சதுதான். மறு ஓட்டு கெடையாது."

அவர் முகத்தில் அன்று இருந்த பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள், தமிழ் மனுவில் கையெழுத்தும் போட்டார்கள்.

எல்லையை விசாரிக்க வந்த அதிகாரி சித்தூரில் முகாம் போட்டிருந்தார். நானும் கன்னியப்பன் சாரும் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த குமாஸ்தா எங்கள் ஊர் பேரைப் பார்த்ததும் இன்னொரு கட்டை எடுத்து அருகில் வைத்தார். அது தெலுங்கு மனு. கடைசிப் பக்கம் மேலாக இருந்தது. அங்கிருந்தே பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். முனிரத்தினம் இரண்டிலும் இருந்தான். அவன் அண்ணனும் இருந்தான். ஆறேழு பேரோடு குமாஸ்தாவுக்கு அலுத்துப்போயிற்று. "உங்க ஊரு ரெண்டு பக்கமும் கேக்குதேய்யா" என்று சொல்லி இரண்டையும் சேர்த்துக் கட்டி மூலையில் போட்டார்.

திரும்பும் பஸ் புத்தூரில் நின்றது. இறங்கும்போது கன்னியப்பன் சார் சொன்னார்: "நாந்தான் கெடுத்தேன், கணக்கு சார். ரெண்டு கட்சிக்கும் போட்ட அந்த அமெரிக்காக் கதையச் சொல்லாம இருந்திருக்கணும்."

நான் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன். எங்கள் மனு ஒழுங்காக இருந்திருந்தாலும் கோடு அங்கேயேதான் விழுந்திருக்குமோ என்னவோ. ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அதன் பிறகு அவர் மேசையில் கடை விரிக்கவில்லை. ஊரில் அவரை 'அமெரிக்கா வாத்தியார்' என்று கேலி செய்தார்கள், ஒரு கதையால் ஊரை விற்றவர் என்று கூடச் சொன்னார்கள். நான்கு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு மட்டும் எனக்கு ஒரு கார்டு போட்டார்: 'தேர்தல் முடிவு வந்ததும் வந்து சொல்லுங்கள்.'

வந்துவிட்டது, சார். இந்த முறை புளியங்கொட்டைக்காரர் பிரசிடென்ட். இரண்டு சபைகளும் அவர்களிடமே.

அவருடைய மூன்று கூறு புளியங்கொட்டைகளும் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அவர் வீட்டம்மா அதை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கென்று மிஞ்சியது அதுவும், அவரிடம் சொல்லாமல் விட்டதும்தான். அவரை அறிந்தவர்களே, அன்று சொல்லப் போனதை உங்களிடம் சொல்கிறேன். கோயில் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தெலுங்கு மனு எங்கள் பள்ளிக்கு வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்தேன். அவருக்கும் அதே வேலைதான், அவர் போடவில்லை. பின்னால் முனிரத்தினமே என்னிடம் சொன்னான்: "கதையக் கேட்டா போட்டோம்? கணக்கு வாத்தியாரே போட்டுக்கீறாரு, நமக்கின்னான்னு போட்டோம்."

குமாஸ்தா கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார், முதல் பக்கம் வரை வரவில்லை. அதில் முதல் பேர் என்னுடையது.