ஆமைகளுக்குப் பார்த்த நாள்

அக்காவின் கண் நோய்க்கு நீளமான பெயர். மருத்துவர் அதைச் சொன்ன அன்று என் நாட்குறிப்பில் இரண்டு வரிதான் எழுதினேன். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும். கடைசியில் நடுவிலும் போகலாம். எத்தனை ஆண்டுகளில் என்று மூன்று முறை கேட்டேன். "ஆளுக்கு ஆள் மாறும்" என்று மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

மருத்துவமனையிலிருந்து நேராகத் தேக்கா சந்தைப் பக்கம் வந்து, நாங்கள் வழக்கமாகப் போகும் சைவக் கடையில் உட்கார்ந்தோம். அக்கா தோசையை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்டா. கடலாமை கரையேறி முட்டை போடறத. இது இருக்கும்போதே." ஒரு விரலால் கண்ணைக் காட்டினாள்.

"வேற ஒண்ணும் வேணாமா? காசி, இமயமலை?"

"காசிக்கு நீ போ. பாவம் உனக்குத்தான் ஜாஸ்தி."

அக்கா பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒவ்வோர் ஆண்டும் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காகிதத் தட்டில் ஆமை செய்யக் கற்றுக்கொடுப்பாள். நான்கு கால், ஒரு தலை, ஓட்டுக்குப் பச்சை வண்ணம். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த ஆமைகளைச் செய்தவள், உயிருள்ள கடலாமையைக் கரையில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஒரு பையன், "டீச்சர், நீங்க நிஜமா பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டானாம். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

"நீயே எல்லாம் ஏற்பாடு பண்ணு. பட்டியல் போடலைன்னா உனக்குத் தூக்கம் வராது. ஆனா ஒரு கண்டிஷன். இந்த நோயப் பத்தி எங்கேயும் போய்ப் படிக்காத. படிச்சா என்கிட்ட வந்து ஒப்பிப்ப."

படிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றினேன். கண்ணைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஆமைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

எனக்கு வேலை பூன் லேயில், ஒரு தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைச் சரிபார்ப்பது. ஒரு கருவி காட்டுவதை நம்பாமல் இன்னொன்றை வைத்து அளந்து பார்ப்பதுதான் என் தொழில். பயணத்தையும் அப்படித்தான் அணுகினேன். மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு சிறிய தீவைத் தேர்ந்தெடுத்தேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே பருவமழை. படகு ஓடாது, விடுதிகள் மூடிக் கிடக்கும். அதனால் டிசம்பர் விடுமுறை பட்டியலிலிருந்து கழிந்தது. மார்ச் மாதத்தில் கடல் தெளிந்திருக்கும், ஆனால் ஆமைகள் அதிகம் வராது. மே முதல் செப்டம்பர் வரைதான் அவை முட்டையிடும் காலம். அதில் ஜூன் மாதம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை. பாதி ஊர் அங்கே போய் இறங்கும். கரை முழுக்கக் கைவிளக்கும் கூச்சலுமாக இருக்கும். ஆமைகள் பாதி வழியில் மிரண்டு முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும் என்று எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் இரண்டு தலைகளாகச் சேர்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்காங்கில் அக்காவின் வீட்டில், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவள்முன் வைத்தேன். தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள்.

"ஜூன்லயே போயிடலாம்டா. எனக்கும் அப்பத்தான் லீவு. பௌர்ணமி எப்ப வருது பாரு, அத ஒட்டிப் போலாம்."

"ஜூன்ல கூட்டம் அக்கா. சரி, பௌர்ணமி எதுக்கு?"

"நிலா வெளிச்சத்துல அழகா இருக்கும்ல."

"அழகாத்தான் இருக்கும். கரையில ஆள் நடமாடறது ஆமைக்கும் நல்லாத் தெரியும். இருட்டுதான் அதுக்குப் பாதுகாப்பு."

"ஆமைக்கு வக்கீலா ஆயிட்டியா?"

"நாம அழகு பார்க்கவா போறோம்?"

"இல்ல லா," என்றாள். தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "உன் இஷ்டம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்றைய குறிப்பில் 'அக்கா ஒத்துக்கொண்டாள்' என்று எழுதினேன்.

சிராங்கூன் சாலையில் வாங்கிய தினசரி நாட்காட்டியைப் புரட்டி நாள் குறித்தேன். ஆடி அமாவாசைக்குக் கோயிலில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். அது ஆகாமல் அக்கா ஊரைவிட்டு நகரமாட்டாள். அதை முடித்து மறுநாள் காலை கிளம்பினால் பருவம் உச்சத்தில் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், நிலவும் இருக்காது. எல்லாம் ஒரே வாரத்தில் வந்து பொருந்தியதில் எனக்கு மிகுந்த திருப்தி. அக்கா தனியாக நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

பேருந்து, பிறகு படகு. நாங்கள் தங்கிய இடத்தில் எட்டுப் பயணிகள்தான் இருந்தார்கள். கரையைக் காவல் காப்பவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். அவரோடு மலாயிலேயே பேசினோம். அவர் சொன்ன விதிகள் எனக்கு முன்பே மனப்பாடம். விளக்கு கூடாது, கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும், வெளிர் நிற உடை ஆகாது, அவர் கை காட்டும்வரை எழக்கூடாது. அக்காவுக்குக் கறுப்புச் சுரிதார் வாங்கிக் கொடுத்திருந்தேன். முதல் இரவு எதுவும் வரவில்லை. விடுதி முற்றத்திலேயே காத்திருந்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

இரண்டாம் இரவு ஒன்பதரை மணிக்கு அவர் வந்து கூப்பிட்டார். கரையோரம் வரிசையாக நடந்தோம். அக்கா என் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தாள். நகம் சதையில் இறங்கும் அளவுக்குப் பிடி. பயப்படுகிறாள் என்று நினைத்தேன். தரையில் கிடந்த ஒரு வேரில் இடித்துக்கொண்டு முட்டி போட்டு விழுந்தாள். தூக்கிவிட்டேன். காவலர் எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

அலைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பெரிய கறுப்பு உருவம் மேலேறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். நட்சத்திர வெளிச்சத்தில் ஓட்டின் ஈரம்கூடத் தெரிந்தது.

"அதோ," என்றேன் காதருகில்.

"எங்க?"

"நேரா. உன் கைக்கு நேரா. பாறை மாதிரி நகருது பாரு."

அவள் முகம் கடலைப் பார்த்தபடி இருந்தது. ஆனால் ஆமை இருந்த பக்கம் இல்லை.

"டேய்," என்றாள். "எனக்கு நீயே தெரியல."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "எப்பலேர்ந்து?"

"நிலா இல்லாத ராத்திரின்னா மூணு வருஷமாவே ஒண்ணும் கிடையாது. இந்த நோயில இருட்டுப் பார்வைதான் முதல்ல போகும்."

"சொல்லவே இல்லையே அக்கா."

"சொன்னா எழுதி வைப்ப. தேதியோட." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னாள். "அதுக்குத்தான் பௌர்ணமின்னு கேட்டேன்."

நான் தவழ்ந்துபோய்க் காவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இரக்கமுள்ளவர். ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிவிட்டால் சுலபத்தில் கலையாது, அப்போது அதன் பின்புறமாகச் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் காட்டுவேன், உங்கள் அக்காவை முதலில் விடுகிறேன் என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மணல் வீசப்படும் சத்தம் கேட்டது. அது மூச்சு விடும் சத்தமும் கேட்டது. பாரம் தூக்கி வந்தவர்கள் இறக்கி வைத்துவிட்டு விடுவது போன்ற மூச்சு.

கூப்பிட்டார். அக்காவைத் தோளில் பிடித்து நடத்திக்கொண்டுபோய் மண்டியிட வைத்தேன். உள்ளங்கை அளவு சிவப்பு வெளிச்சத்தில், வெள்ளை முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் இடது. இன்னும் இடது. கீழ."

"சிவப்பா ஒண்ணு இருக்கு," என்றாள்.

"அதுக்குள்ள பாரு. முட்டை விழுது."

"சிவப்பா இருக்கு. அவ்ளோதான்டா."

விளக்கை அணைத்தார். அடுத்தவர்களுக்கு வழி விட வேண்டியிருந்தது. என்னிடம் கைப்பேசி இல்லை. விதிப்படி அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். இருந்திருந்தால் அந்த வெள்ளை விளக்கைப் போட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. முடிவெடுக்கத் தேவையில்லாமல் போனதில் அந்த நேரம் ஓர் ஆறுதல் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

திரும்பி நடக்கும்போது, மற்றவர்கள் காதில் விழாத குரலில் அக்கா சொன்னாள். "நீ ஆமைக்கு நாள் பார்த்த. எனக்குப் பார்க்கல." அதில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதில் இருந்தது. தைப்பூசத்தன்று டோபி காட் பக்கம் காவடி பார்த்துக்கொண்டிருந்தவள், தலைவலி என்று இருட்டும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். தீபாவளிக்குத் தேக்காவில் போட்டிருந்த விளக்குகளைப் பார்க்கக் கூப்பிட்டபோது, கூட்டம் ஆகாது என்றாள். திரையரங்கின் படியில் விழுந்து கணுக்கால் வீங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் மதியச் சாப்பாட்டுக்கு மாறினாள். தேதியும் நேரமும் சரியாகக் குறித்திருந்தேன். ஒரு கருவி இப்படி அடுத்தடுத்துக் குறைத்துக் காட்டினால் அன்றைக்கே தனியே எடுத்து வைத்துவிடுவேன்.

தீவில் அந்த இரவு நான் தூங்கவில்லை. ஆறே முக்காலுக்கு அக்கா என் கதவைத் தட்டினாள். பத்து மணிக்கு எங்கள் படகு.

"வா. வெளிச்சம் வந்துருச்சு. அது நடந்து போன வழியாவது பார்க்கலாம்."

கரையில் யாரும் இல்லை. ஆமை திரும்பிப்போன தடம் குழியிலிருந்து அலை வரைக்கும் கிடந்தது. உழவு இயந்திரம் ஒன்று கடலுக்குள் இறங்கிப் போனதுபோல, இருபுறமும் துடுப்புக் கால்கள் மணலை வாரித் தள்ளிய வரிசை, நடுவே வயிறு இழுபட்ட பள்ளம். அக்கா முதலில் வெகு தூரம் தள்ளிப் போய் நின்றாள். தள்ளி நின்றால்தான் முழுதும் தெரியும் என்றாள். பிறகு கிட்டே வந்தாள்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். "அக்கா, இன்னும் பன்னெண்டு நாள்ல பௌர்ணமி. நான் லீவு போடறேன். திரும்ப வருவோம். இங்கேயே, இதே ரூம்."

"வேணாம்."

"ஸ்கூல்ல நான் வேணா பேசறேன்."

"அதுக்கில்லடா. போன பௌர்ணமிக்கு கார் பார்க் உச்சி மாடியில போய் நின்னு பார்த்தேன். நிலா இருந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது. கீழ என் கையே தெரியல." அவள் தடத்தைப் பார்த்தபடியே பேசினாள். "ஜூன்ல தெரிஞ்சுதுடா. அப்பயும் அதே இடத்துல நின்னு பார்த்தேன். ஒரு பூனை போச்சு. வால்கூடத் தெரிஞ்சுது."

 

காவலர் மரப் பற்கள் வைத்த நீண்ட வாரியோடு வந்தார். காலை வணக்கம் சொன்னார். நான் அவரிடம் கேட்டுவிட்டேன், பௌர்ணமியில் ஆமைகள் வருவதில்லையா என்று. "ஏன் வராது? போன பௌர்ணமிக்கு இரண்டு வந்தன. இருட்டு நல்லதுதான், ஆனால் அவை தம் நேரத்துக்கு வரும்" என்றார். பிறகு வாரியைக் காட்டினார். தடத்தை எண்ணிக் குறித்தாகிவிட்டது, இனி அழிக்க வேண்டும், விட்டுவைத்தால் முட்டை திருடுகிறவர்களுக்கு வழி காட்டும்.

அரை மணி நேரம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தார். தொலைவில் ஒரு மீன்பிடிப் படகு போய்க்கொண்டிருந்தது. மன்னிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அவர் குழிப் பக்கத்திலிருந்து வாரத் தொடங்கினார். அக்கா அலைப் பக்கத்திலிருந்து மேலே வந்துகொண்டிருந்தாள். கிட்டத்தில் தடத்தின் அகலம் அவள் பார்வைக்குள் அடங்கவில்லை. குனிந்து, தலையை இடமிருந்து வலமாகத் திருப்பி ஒரு காலடித் தூரத்தைப் பார்ப்பாள், பிறகு ஓர் அடி வைப்பாள், மறுபடி இடமிருந்து வலம்.

"அக்கா, அழிச்சுக்கிட்டு வர்றாரு."

"எவ்வளவு தூரத்துல?"

"இருபது அடி."

"இரு. அவசரப்படுத்தாத."

வாரி மணலில் இழுபடும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் நடையைக் கூட்டவில்லை. அவரும் தன் வேகத்தைக் குறைக்கவில்லை. ஐந்தடி இருக்கும்போது அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. ஒரு கால் தள்ளியிருந்த மணல் மேட்டின் விளிம்பை, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, முகத்தை மிகக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தயங்கி நின்றது ஒரு மூச்சு நேரம்தான். பிறகு வாரியை அவள் காலுக்கு முன்னால் வைத்து இழுத்தார்.