தடைக்காலத்தில் ஒரு தேர்தல்

கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலை எந்த மாதத்துக்கு மாற்றலாம் என்று காரைக்காலில் அதிகாரிகள் கருத்துக் கேட்ட கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். பட்டினச்சேரியில் விசைப்படகு ஓட்டுபவர். வெயிலில் கறுத்த முகம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. வாக்காளர் அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பேச்சு நீளும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கட்சிக்காரர்கள் அறுவடை முடியட்டும் என்றார்கள். பள்ளித் தேர்வு முடியட்டும் என்றார்கள். அவர் எழுந்தார்.

"மீன்பிடித் தடைக்காலத்துல வைங்க சார். மத்த மாசமெல்லாம் நாங்க கடல்ல கெடப்போம். போன தடவ கரைக்கு வந்தப்ப ஜெயிச்சவங்க வெடி வெடிச்சுட்டு இருந்தாங்க."

"அப்போ எல்லாரும் வேலையில்லாம ஊர்லயே இருப்பீங்க. சண்டை வருமே?" என்றார் அதிகாரி.

"சண்டை போடவாவது நாங்க ஊர்ல இருக்கணும்ல சார்?"

கூடம் அதிர்ந்தது. பின்வரிசை மீனவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதிகாரி சிரித்தபடி தடைக்காலத்தையே பரிந்துரையில் எழுதச் சொன்னார். செய்தி எடுக்க வந்த நானும் பேனாவை வைத்துவிட்டுக் கைதட்டினேன்.

வாசலில் அவரை நிறுத்திக் கேட்டேன். "ஓட்டு யாருக்குப் போடுவீங்க?"

"தெரியலைங்க. ஓட்டு கேக்க வர்றவங்க எங்க வீட்டம்மாகிட்டதான் கேட்டுட்டுப் போவாங்க. எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் ஓட்டு கேட்டதில்ல. வரட்டும், உக்கார வச்சுப் பேசணும்."

அத்தனை வேட்பாளர்களையும் உட்கார வைத்துக் கேட்பதற்கு அவர் என்னென்ன சேர்த்து வைத்திருந்தார் என்பதை மட்டும் நான் கேட்கத் தவறிவிட்டேன்.